கையைக் காக்கும் கல்வி

"தன் கையே தனக்கு உதவி" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் அந்தக் கைக்கே உதவி வேண்டியிருக்கும் வேளையும் வாழ்க்கையில் வந்துவிடுகிறது. அவ்வேளையில் என்ன செய்ய வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததால் எங்களுள் ஒருத்தியின் வீட்டில் ஒரு விரல் போயிற்று. ஆகையால் இவ்வாண்டு மலருக்குக் கைகளைப் பற்றியும், கைகளைக் காக்கும் மருத்துவத்தைப் பற்றியும் எழுத முன்வந்தோம்.

நாங்கள் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து பள்ளிக்கு வருகிறவர்கள். எங்கள் தந்தையருள் சிலர் துறைமுகத்தில் சுமை தூக்குகிறார்கள். சிலர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார்கள். சிலர் லேத்துப் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறார்கள். சிலர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார்கள். எங்கள் அன்னையருள் மீன் அரிகிறவர்களும் உண்டு, தையல் இயந்திரம் மிதிக்கிறவர்களும் உண்டு. எல்லாருடைய பிழைப்பும் கையில்தான் இருக்கிறது. அறிவியல் வகுப்பில் எங்கள் சிஸ்டர், "உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலையில் கை காயம் பட்டவர் இருந்தால் கை தூக்குங்கள்" என்று கேட்டபோது, உயராத கைகள் சிலவே இருந்தன.

அன்று நடந்தது

அந்தத் தோழியின் பெயரை எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, அவளுடைய தந்தை பட்டறையில் தகடு வெட்டும் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு கணம் கவனம் பிசகியது. ஆள்காட்டி விரல் பாதியில் துண்டாயிற்று. நடுவிரலின் நுனி சாய்வாகச் சீவப்பட்டது. பட்டறை அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. கூச்சல் கேட்டு அம்மாவும் மகளும் ஓடினார்கள்.

விழுந்த விரலை யாரோ ஒரு துணியில் எடுத்து வைத்திருந்தார். "ஐஸில் வைத்தால் கெடாது" என்றார் இன்னொருவர். உடனே எங்கள் தோழி தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஐஸ் போடுகிறவரிடம் ஓடினாள். டப்பா நிறைய உடைத்த ஐஸ் வாங்கி வந்தாள். அவளே விரலை அதற்குள் புதைத்து மூடினாள். மீனைக் கெடாமல் வைப்பது ஐஸ்தானே? விரலையும் அது காக்கும் என்று நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். விரல் வெளுத்து விறைத்திருந்தது. "ஐஸ் நேரா பட்டுடுச்சேம்மா! ஒரு கவர்ல போட்டு வச்சிருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார். திட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அவள் நெஞ்சில் தங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரைக்காக நாங்கள் செய்தி சேகரிக்கத் தொடங்கியபோதுதான் அழுதுகொண்டே எங்களிடம் சொன்னாள். "நான்தான் என் அப்பாவின் விரலைக் கெடுத்தேன்" என்றாள். குற்றம் அவளுடையது அன்று. அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இப்போது நாங்கள் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

கை என்னும் அற்புதம்

நம் ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரலை மடக்கவும் நீட்டவும் செய்யும் பெரிய தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. பொம்மலாட்டக்காரர் மேலிருந்து நூலை இழுக்கப் பொம்மை ஆடுவதுபோல, அத்தசைகள் தசைநாண்கள் என்னும் கயிறுகளை இழுக்க விரல்கள் அசைகின்றன. சந்தேகமானால், மணிக்கட்டின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். கயிறுகள் ஓடுவது தெரியும்.

ஒவ்வொரு விரலின் இரு பக்கங்களிலும் ஒரு சிறு இரத்தக் குழாயும் ஒரு நரம்பும் சேர்ந்தே செல்கின்றன. அந்தக் குழாயின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். இரத்தக் குழாய் விரலுக்கு உயிர் கொடுக்கிறது. நரம்பு உணர்வு கொடுக்கிறது. இருட்டிலும் சாவியைத் தடவி எடுக்கிறோமே, அரிசியில் கல் இருப்பதைக் கை கண்டுபிடிக்கிறதே, அது நரம்பின் வேலை. உணர்வில்லாத விரல், உருவம் இருந்தும் குருட்டு விரலே.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியவருள் ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பலரும் எண்ணினர். பிராண்ட் கூர்ந்து கவனித்தார். நோய் நரம்பைக் கெடுப்பதால் வலி தெரியாமல் போகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தும், காயத்தோடு வேலை செய்தும் அவர்கள் அறியாமலே விரலை இழக்கிறார்கள் என்று கண்டார். இரவில் எலி கடிப்பதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. ஆகையால் வீடு திரும்பும் நோயாளிகளுடன் ஒரு பூனையையும் அனுப்பி வைத்தார்களாம்! நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன விரல்களை மீண்டும் வேலை செய்யவைத்தார் பிராண்ட். வலி நமக்குப் பகைவன் அன்று, வாசற்காவலன் என்பதே அவரிடம் நாம் கற்கும் பாடம்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி

வேலூரில் கண்ட இந்த உண்மை, காயம்பட்ட தொழிலாளியின் கைக்கும் பொருந்தும். அதைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இராயபுரத்திற்கும் வண்ணாரப்பேட்டைக்கும் அருகே பழைய சிறைச்சாலைச் சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை நிற்கிறது. 1782-ல் பஞ்சத்தால் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தோடு தொடங்குகிறது அதன் வரலாறு. எங்கள் பாட்டிமார் இன்றும் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். பின்னர் அங்கே எழுந்த மருத்துவப் பள்ளி, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938-ல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது.

துறைமுகமும் தொழிற்சாலையும் சூழ்ந்த இடமல்லவா? கை நசுங்கியவர்களும் விரல் அறுந்தவர்களும் அங்கே வந்துகொண்டே இருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில், பேராசிரியர் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தார். அதுவே பின்னாளில் கை ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிலையமாக மலர்ந்தது.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல்களுள் ஒன்றைப் பார்ப்போம். விரல் நுனி நேராக வெட்டுப்பட்டால் மூடுவதற்கு முன்பே வழிகள் இருந்தன. சாய்வாகச் சீவப்பட்டால் என்ன செய்வது? எலும்பு வெளியே தெரியும். அதை மூடத் தோல் போதாது. எலும்பை வெட்டிக் குறைத்து மூடினால் விரல் குட்டையாகிவிடும். வயிற்றுத் தோலைக் கொண்டு மூடலாம். ஆனால் தோல் ஒட்டும்வரை கையை வயிற்றோடு சேர்த்து வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும்; ஒட்டிய பின்னும் விரல் நுனிக்குரிய நுண்ணுணர்வு அந்தத் தோலில் இராது. தினக்கூலி வாங்கும் தொழிலாளிக்கு இரண்டுமே இழப்புத்தான்.

டாக்டர் வெங்கடசாமியும் டாக்டர் என். சுப்பிரமணியனும் கண்ட வழி, 'சாய்வு முக்கோண மடல்' என்பது. காயம்பட்ட அதே விரலின் பக்கவாட்டில், முக்கோண வடிவில் தோலையும் அதன் அடிச்சதையையும் பிரிக்கிறார்கள். முழுவதும் அறுத்து எடுப்பதில்லை. அந்தப் பக்கத்து இரத்தக் குழாயும் நரம்பும் அதோடு இணைந்தே இருக்கின்றன. பின்பு அதை முன்னுக்கு நகர்த்தி நுனியை மூடித் தைக்கிறார்கள். முக்கோணம் நகர்ந்ததால் பின்னால் விட்டுப்போன இடத்தை நேர்க்கோடாகச் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். ஆங்கில 'வி' எழுத்து 'ஒய்' எழுத்தாக மாறுவதுபோல என்று இதை விளக்குகிறார்கள். தையல் வகுப்பில், துணி போதாத இடத்தில் பக்கத்துத் துணியையே இழுத்துச் சேர்த்துத் தைக்கக் கற்றிருக்கிறோமே, அதை நினைத்துக்கொண்டோம், உடனே புரிந்தது!

இம்முறையால் நீளம் மிஞ்சுகிறது, உணர்வும் மிஞ்சுகிறது. இதை விளக்கி இருவரும் எழுதிய கட்டுரை 1980-ல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. வடசென்னைத் தொழிலாளியின் விரல் நுனியில் பிறந்த விடை, உலகின் பிற மருத்துவர்களுக்கும் பாடமாயிற்று. ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாய்களும் பெரிய கருவிகளும் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். தன்முன் வந்து நிற்கும் மனிதனின் துன்பத்தை உற்றுப் பார்ப்பதும் ஆராய்ச்சியே என்று இப்போது அறிந்தோம்.

எங்கள் தோழியின் தந்தைக்கு நடுவிரல் நுனியை மூடியதும் இந்த முக்கோண முறையில்தான். இன்று அவர் ஆள்காட்டி விரல் பாதி இல்லாமலே வேலைக்குப் போகிறார். கண்ணை மூடிக்கொண்டு நடுவிரலால் ஒரு தகட்டின் விளிம்பைத் தடவி, "இங்கே பிசிறு இருக்குது" என்று எங்களுக்குச் செய்து காட்டினார். நாங்கள் வியந்து நின்றோம்.

அறுந்த விரல் ஒட்டுமா?

ஒட்டும், எப்போதும் அன்று, ஆனால் பலமுறை ஒட்டியிருக்கிறது. 1962-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ரயிலில் அடிபட்டுக் கை துண்டான 12 வயதுச் சிறுவனுக்கு டாக்டர் ரொனால்டு மால்ட் குழுவினர் கையை மீண்டும் பொருத்தினர். 1963-ல் சீனாவின் ஷாங்காய் நகரில் டாக்டர் சென் ஜோங்வெய் குழுவினர், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் துண்டான கையைப் பொருத்தினர். 1965-ல் ஜப்பானில் டாக்டர் கோமட்சுவும் டாக்டர் தமாயும், முழுதும் அறுந்த கட்டை விரலையே ஒட்டவைத்தனர். ஒரு மில்லிமீட்டர்க் குழாயை நுண்ணோக்கியின் அடியில், தலைமயிரினும் மெல்லிய நூலால் தைக்கும் கலை அது.

நம் ஸ்டான்லி மருத்துவமனையில் 2018 பிப்ரவரியில் இன்னும் பெரிய செயல் நடந்தது. மின்சார விபத்தில் இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து தானமாகப் பெற்ற இரு கைகளை டாக்டர் வி. ரமாதேவி தலைமையிலான குழுவினர் பொருத்தினர். அக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஒரு பெண்மணி என்பதை எங்கள் பள்ளித் தங்கைகள் மறவாதிருப்பார்களாக!

கை பிழைப்பதோடு வேலை முடிவதில்லை. தைத்த கை விறைத்துப் போகாமல் இருக்க, மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். களிமண் பிசைவதும், துணி மாட்டும் கிளிப்பை அழுத்துவதும், கோலிக்குண்டைப் பொறுக்குவதும் அப்போது மருந்தாகின்றன. எங்கள் தோழி தன் தம்பியின் கோலிகளை அப்பாவுக்குக் கொடுத்து, தினம் மாலையில் எண்ணச் சொல்வாளாம்.

நாம் செய்ய வேண்டியவை

எவ்வளவு பெரிய டாக்டராயினும், நாம் கெடாமல் கொண்டு சேர்த்த விரலைத்தான் ஒட்ட முடியும். ஆகவே இதைத் தயவுசெய்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1. முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். 2008 முதல் இந்த ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் இலவசமாக நடக்கிறது.

2. காயத்தின்மேல் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். பெரும்பாலும் இரத்தம் இதிலேயே அடங்கும். விரலைச் சுற்றி நூலோ ரப்பர் பேண்டோ இறுகக் கட்டாதீர்கள்.

3. மோதிரம், வளையல், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது.

4. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் போடாதீர்கள்.

5. தோலில் தொங்கும் விரலை அறுத்து எடுக்காதீர்கள். அந்தச் சிறு தோலின் வழியாகவும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

6. துண்டான விரலில் அழுக்கு இருந்தால் சுத்தமான நீரில் மெதுவாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரத்துணியில் சுற்றுங்கள். துணியிலிருந்து நீர் சொட்டக்கூடாது. அதைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு, நீர் புகாமல் வாயைக் கட்டுங்கள். பிறகு அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் விரலை நேராகத் தொடவே கூடாது. தொட்டால் திசுக்களில் உள்ள நீர் உறைந்து, மெல்லிய குழாய்கள் கெட்டுவிடும். விரலைத் தண்ணீரிலோ பாலிலோ ஊறப்போடவும் கூடாது.

7. காயம்பட்டவருக்குச் சோடா, காப்பி, சாப்பாடு எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

8. விரைந்து செல்லுங்கள். விரலில் தசை இல்லாததால், முறையாகக் குளிரில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானாலோ தசை விரைவில் இறந்துவிடும். குளிரில் வைக்காவிட்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரமே கெடு.

நசுங்கிப்போன விரலை ஒட்டுவது கடினம். ஆனாலும் "இது உதவாது" என்று நாமே தீர்ப்புச் சொல்லி எறிந்துவிடக் கூடாது. எடுத்துச் செல்வது நம் கடமை. தீர்மானிப்பது டாக்டரின் பொறுப்பு. சாலை விபத்துகளுக்கு, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்டது. லாரிகள் ஓயாமல் ஓடும் எண்ணூர்ச் சாலையில் வாழும் நாம் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

வருமுன் காப்போம்

சிகிச்சையினும் சிறந்தது எச்சரிக்கை. சுழலும் துளையிடும் இயந்திரத்தின் அருகே கையுறை அணியக்கூடாது. அது உறையோடு கையையும் இழுத்துக்கொள்ளும். இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "வேலை சீக்கிரம் முடியும்" என்று எண்ணக்கூடாது. இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினால்தான் இயங்கும் பிரஸ் மெஷின்கள் உண்டு. கை உள்ளே சிக்காதிருக்கவே அந்த ஏற்பாடு. வீட்டிலும் அப்படியே. கிரைண்டர் சுற்றும்போது மாவைக் கையால் தள்ளாதீர்கள். துப்பட்டாவையும் சடையையும் முடிந்துகொள்ளுங்கள். நம் பகுதிச் சிறுவர்களின் மாஞ்சா நூல் விரலையும் அறுக்கும், வழியில் போகிறவர் கழுத்தையும் அறுக்கும். அது தடை செய்யப்பட்டது என்பதைத் தம்பிமாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

முடிவாக

கட்டுரையை எழுதி முடித்ததும், எங்கள் தோழி ஒரு நாள் மாலை தன் தந்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "அப்பா, ஐஸ்ல வச்சது நான்தானே" என்றாளாம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு எல்லாரும் கத்திக்கினு நின்னாங்க. நீ ஒருத்திதான் ஓடினே கண்ணு. அதைத்தான் நான் நெனச்சிக்கினு இருக்கேன்" என்றாராம்.

மறுநாள் நாங்கள் அந்த எட்டுக் குறிப்புகளையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதினோம். ஒரு படியை அவளுடைய தந்தை வேலை செய்யும் பட்டறைச் சுவரில் ஒட்டினோம். இன்னொன்றை ஐஸ் கடைக்காரரிடம் கொண்டுபோனோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. நாங்கள் படித்துக் காட்டினோம். ஆறாவது குறிப்பை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். "இத்தினி வருசமா ஐஸ் விக்கிறேன், இது தெரியாதே எனக்கு!" என்றார். இப்போது அவர் ஐஸ் பெட்டியின் பக்கத்தில் சுத்தமான பிளாஸ்டிக் பைகள் நான்கு மடித்து வைத்திருக்கிறார்.

அந்தப் பைகள் ஒருநாளும் தேவைப்படாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு. தேவைப்பட்டால், அவை அங்கே இருக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி
(தன் தோழியர் சார்பில்)